மாத்திரை செய்யாத பாதி

ஒன்பதாம் வகுப்புப் பையனை வராந்தாவில் முட்டி போட வைத்தது நாம்தான். கணக்கு நோட்டை மறந்து வந்தான்; கேள்வி முடியுமுன் குறுக்கே பதில் சொன்னான்; ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் உட்காரமாட்டான். "ரெண்டு போட்டாத்தான் சரிப்படுவான்" என்றோம். வீட்டில் மந்திரித்துக் கயிறு கட்டினோம். பத்தாவதில் தவறியவன் வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குப் போகும் வேனில் ஏறியபோது, படிப்பு ஏறாத பிள்ளை என்று விட்டுவிட்டோம். ஜன்னலைப் பார்த்தபடி சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகள் நம் கண்ணிலேயே படவில்லை.

இவர்களுக்கெல்லாம் இருந்தது ஏ.டி.எச்.டி. என்னும் கவனக்குறைபாடு. 2013இல் நாடு முழுக்கத் தொடங்கிய சிறார் நலப் பரிசோதனைத் திட்டத்தின் பட்டியலில் அதுவும் உண்டு. மருத்துவக் குழு பள்ளிக்கு வந்த நாளில் பல்லும் கண்ணும் பார்க்க வரிசையில் நிறுத்தினோம். "இவனுக்குக் கவனம் நிற்கல, பாருங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

சிலர் எப்படியோ மனநல மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அவர் மெத்தில்பெனிடேட் எழுதினார். அதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டோம். பரீட்சை மாதத்தில் மட்டும் கொடுத்தோம். சொந்தக்காரர்களுக்குத் தெரியாமல் ஒளித்தோம். மருத்துவரைக் கேட்காமலே நிறுத்தினோம். மாத்திரை சில மணி நேரம் மனதை ஓரிடத்தில் நிறுத்தும். வீட்டுப்பாடத்தை டைரியில் குறிக்கவும், பெரிய பாடத்தை நாலாக உடைத்துப் படிக்கவும், ராத்திரியே பையை அடுக்கவும் அது கற்றுத்தராது. அதற்குத்தான் நடத்தைப் பயிற்சி. ஆலோசகர் தொடங்கிவைக்கலாம், தினமும் நடத்த வேண்டியவர்கள் டீச்சரும் அம்மாவும் அப்பாவும். சரியாகச் செய்ததை அந்த நிமிடமே பாராட்டுவது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விதி, அதையும் பிள்ளையோடு பேசி வைப்பது. இதற்கு நமக்குப் பொறுமை இருக்கவில்லை.

1999இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வு, 579 குழந்தைகளை 14 மாதம் கவனித்தது. முக்கிய அறிகுறிகளைக் குறைத்ததில் மருந்துக்கே பெரிய பங்கு. ஆனால் பயிற்சியும் சேர்ந்த பிள்ளைகளுக்குக் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. பெற்றோரோடு உறவும் மேம்பட்டது. அவர்கள் 7 முதல் 9 வயதுக்காரர்கள். வளரிளம் பருவத்துக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2019இல் சொன்ன வழிகாட்டுதலில் ஒன்று என்னை உறுத்துகிறது: மருந்துக்குப் பிள்ளையின் சம்மதமும் வேண்டும்.

மாத்திரை சாப்பிட்ட பையனை நாம் கேட்கவே இல்லை. மத்தியானச் சோறு டிபன் பாக்ஸில் அப்படியே திரும்பி வந்தது. "பசிக்கல" என்றான். அந்த மருந்து பசியைக் குறைக்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல், சோற்றை வீணாக்குகிறான் என்று அதற்கும் திட்டினோம்.