சக்கரத்தின் விலை

மான்செஸ்டர் ஆலை முதலாளிகளுக்கு எலிசபெத் காஸ்கெல் மீது ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்பது எனக்குப் புரிகிறது. 1848இல் அவருடைய முதல் நாவல் ‘மேரி பார்ட்டன்’ வந்தபோது அதில் ஆசிரியர் பெயரில்லை. எழுதியவர் கிராஸ் ஸ்ட்ரீட் தேவாலயப் போதகரின் மனைவி என்று தெரியவந்ததும் இன்னும் சுட்டிருக்கும். முதலாளிகளில் பலர் ஞாயிறுதோறும் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்த தேவாலயம் அது.

அந்த நாவலில் டேவன்போர்ட் என்ற தொழிலாளி காய்ச்சலில் கிடக்கிறான். நிலவறை வீடு, தரையில் சாக்கடை ஈரம் கசிகிறது. மருத்துவமனையில் சேர்க்கச் சீட்டு வேண்டி, நண்பன் வில்சன் முதலாளி கார்சன் வீட்டுக்குப் போகிறான். அடுக்களையில் காப்பி மணக்கிறது, இறைச்சி வறுபடுகிறது. வில்சனுக்கோ கொடும்பசி. மூன்று வருடம் தன்னிடம் வேலை பார்த்தவனின் பெயர்கூடக் கார்சனுக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை வெளிநோயாளியாகக் காட்டிக்கொள்ள ஒரு சீட்டு தருகிறார், அவ்வளவுதான். அதற்குள் டேவன்போர்ட் செத்துப்போகிறான்.

ஒருதலைப்பட்சம் என்றார்கள். கடைசியில் முதலாளியும் தொழிலாளியும் மன்னித்துக்கொள்வது எனக்கும் ஒப்பவில்லை; ஆனால் என் குறை அதற்கு நேர்மாறானது. 1854–55இல் டிக்கென்ஸின் வார இதழில் வந்த ‘நார்த் அண்ட் சவுத்’ நாவலில் தார்ன்டன் என்ற நேர்மையான முதலாளியையே நாயகனாக்கினார் காஸ்கெல். முதலாளியின் கஷ்டத்தையும் மனதாரச் சொன்னார். அதற்காக எதையும் மறைக்கவில்லை.

பெஸ்ஸி ஹிக்கின்ஸ் அந்த நாவலில்தான் வருகிறாள். நாயகி மார்கரெட்டுக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் அறையில் வேலை பார்த்து, தூசி நெஞ்சை அடைத்துச் சாகக் கிடக்கிறாள். தூசியை வெளியே இழுக்க ஒரு பெரிய சக்கரம் உண்டு என்கிறாள். 500, 600 பவுண்ட் ஆகும், லாபம் கிடையாது, அதனால் சில முதலாளிகள்தான் வைக்கிறார்கள். காஸ்கெல் இத்தோடு விடவில்லை. சக்கரம் உள்ள ஆலை தொழிலாளிகளிலேயே சிலருக்குப் பிடிக்காதாம். தூசியை விழுங்கியே பழகிய வயிறு, அது இல்லாவிட்டால் பசிக்கிறது. அங்கே வேலை செய்யக் கூலியைக் கூட்டித் தர வேண்டும் என்கிறார்களாம். பொருளாதாரம் தனக்குத் தெரியாது என்று ‘மேரி பார்ட்டன்’ முன்னுரையில் எழுதியவர் காஸ்கெல். பசியின் கணக்கை அவரளவு துல்லியமாகப் போட்ட பொருளாதார நிபுணர் எவரையும் நான் படித்ததில்லை.