இயேசுவின் சகோதரர்கள் யார்? 1,600 ஆண்டுகளாக முடியாத விவாதம்

மாற்கு 6:3-ல் இயேசுவின் சகோதரர்கள் என்று யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் ஆகிய நால்வரின் பெயர் வருகிறது. அப்படியென்றால் மரியாள் 'என்றும் கன்னி' என்பது எப்படி?

கி.பி. 383 வாக்கில் ரோமில் ஹெல்விடியஸ் எழுப்பிய கேள்வி இது. அவர்கள் நெருங்கிய உறவினர்கள் என்றார் ஜெரோம். கத்தோலிக்கர் பெரும்பாலும் அவர் வழி. யோசேப்பின் முதல் மனைவியின் பிள்ளைகள் என்பது ஆர்த்தடாக்ஸ் மரபு. 'கூடப் பிறந்த தம்பிகள்தான்' என்கிறார்கள் இன்றைய புராட்டஸ்டன்ட்டுகள் பலர்.

சித்தப்பா மகனையும் நாம் தம்பி என்றுதானே கூப்பிடுகிறோம்? இயேசு பேசிய அரமேயத்திலும் அப்படித்தான் என்பது கத்தோலிக்கர் வாதம். ஆனால் சுவிசேஷம் எழுதப்பட்ட கிரேக்கத்தில் அந்த உறவுக்குத் தனிச்சொல் உண்டு. கொலோசெயர் 4:10-ல் அது இருக்கிறது. மாற்கு ஏன் அதை எழுதவில்லை என்பது எதிர்க்கேள்வி.

இதில் ஒரு ட்விஸ்ட்: 'வேதம் மட்டுமே' என்ற லூத்தரே மரியாள் கடைசிவரை கன்னி என்றுதான் நம்பினார். அதே வசனம், அதே கொள்கை. இன்று அவர் வழி வந்தவர்கள் பலரின் முடிவு வேறு.

ஆக, சண்டை மரியாளைப் பற்றி மட்டுமல்ல; வசனத்துக்கு அர்த்தம் சொல்வது யார் என்பதைப் பற்றியும்தான். 'நீ வேதத்தையே சரியா படிக்கலை' என்று அடுத்தவரைச் சொல்வதற்கு முன், நாம் எந்தக் கண்ணாடி போட்டுப் படிக்கிறோம் என்று பார்ப்பது நல்லது.