உடன்பாடு முடிந்தது, பாதரசம் முடியவில்லை

கொடைக்கானலில் 1983இல் தொடங்கிய வெப்பமானி ஆலை, அதன் பாதரசக் கழிவு பழைய பொருள் கிடங்கில் அம்பலமானதால் 2001இல் மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் கழிவு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு இந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு கண்டது.

ஆற்றோடு எவரும் உடன்பாடு செய்ய இயலாது. ஆலை நின்ற முகட்டின் கீழ் பாம்பாறு சோலை. அந்நீர் வைகைப் படுகையை அடைகிறது. வண்டலில் தங்கும் பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாகி, மீன் வழியே மனித உடலில் சேரக்கூடும். எனினும், மண்ணில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை தங்கலாம் என்பதே தூய்மைப் பணிக்கு ஏற்கப்பட்ட அளவு.

1927இல் மகத் குளத்தில் அம்பேத்கர் நிலைநாட்டியது நீர் அருந்தும் உரிமை. நஞ்சற்ற நீர் அதன் தொடர்ச்சியே. தூய்மையின் அளவை ஆலையின் செலவுக் கணக்கன்று, கடைமடையில் நீர் அள்ளுபவரின் உடல்நலமே தீர்மானிக்க வேண்டும்.