வேகத்தைத் தடுத்ததால் கூடிய வெளிச்சம்

சூலக்கரை, சாத்தூர், சிவகாசி வட்டாரத்து வாசகர்களுக்கு வாணவேடிக்கையின் வண்ணங்களைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்குப் பேரியம், நீலத்துக்குச் செம்பு என்பது அங்கே தொழிலறிந்தோருக்கு மனப்பாடம். நிறம் மாற வேண்டுமாயின் உப்பு மாற வேண்டும். 2018-ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்தபோது பச்சை நிறமே கேள்விக்குறியானது அதனால்தான்.

பொருளை மாற்றாமல் அதன் அளவை மட்டும் மாற்றி நிறத்தை மாற்ற இயலுமா? இயலும். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். காட்மியம் செலினைடு என்னும் குறைகடத்தியை இரண்டு நானோமீட்டர் மணியாக்கினால் நீலமாகவும், ஆறு நானோமீட்டர் மணியாக்கினால் சிவப்பாகவும் ஒளிரும். இம்மணிகளுக்குக் குவாண்டம் புள்ளிகள் என்று பெயர்.

இவற்றுக்காக 2023-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பெற்ற மூவருள் ஒருவர் மூங்கி பவெண்டி. தூனிசியாவில் பிறந்த கணித அறிஞர் முஹம்மது ஸலாஹ் அவர்களின் புதல்வர். ஹார்வர்டில் தாம் எழுதிய முதல் வேதியியல் தேர்வில் நூற்றுக்கு இருபதே பெற்றதாக அவரே கூறியிருக்கிறார். மதிப்பெண் பட்டியலைக் கண்டு பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பெற்றோர் இதைச் சற்று நினைவில் வைக்கலாம். அளவு பிசகாத புள்ளிகளைத் தயாரிக்கும் முறையை அவர் குழுவினர் 1993-இல் வெளியிட்டனர். மற்ற இருவர் லூயி புரூஸ், அலெக்சி எகிமோவ். எகிமோவ் கண்ணாடிக்குள் இவ்விளைவைக் கண்டது செம்புக் குளோரைடு மணிகளில். சிவகாசி வாணத்தின் நீலத்தைத் தருவதும் அதே சேர்மம்தான்!

புள்ளி கிடைத்தாயிற்று. அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தி ஒளியை வாங்குவதில்தான் தொல்லை. ஒரு பக்கத்திலிருந்து எலெக்ட்ரான் வரவேண்டும். மறுபக்கத்திலிருந்து ‘துளை’ எனப்படும் எலெக்ட்ரான் வெற்றிடம் வரவேண்டும். இரண்டும் புள்ளிக்குள் இணையும்போதே ஒளி பிறக்கிறது. எலெக்ட்ரான் வருவது துத்தநாக ஆக்சைடு அடுக்கின் வழியே. அது நெடுஞ்சாலை போன்றது. துளை வருவதோ மந்தமான கரிமப் பொருள்களின் வழியே. இறுதியில் ஓர் ஆற்றல் படியையும் அது ஏறிக் கடக்க வேண்டும். நிக்காஹ் மஜ்லிஸில் பெண் வீட்டார் திரண்டு நிற்க, மாப்பிள்ளை வீட்டாரின் வண்டி வழியில் நின்றுபோன கதைதான்! காத்திருப்போர் சும்மா இருப்பதில்லை. இணைந்த ஜோடியின் ஆற்றலை அருகில் மிகுதியாக நிற்கும் எலெக்ட்ரான் பறித்துக்கொண்டு வெப்பமாக வீணடிக்கிறது. வெளிச்சம் குறைகிறது, கருவியும் சீக்கிரம் தேய்கிறது.

மின்னழுத்தத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று தோன்றும். கூட்டினால் நெரிசலும் கூடும். சீனாவின் செஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் நேர்மாறான வழியில் சென்றனர். புள்ளிகளுக்கும் துத்தநாக ஆக்சைடுக்கும் நடுவே சில நானோமீட்டர் கனத்தில் மின்கடத்தாப் படலம் ஒன்றை விரித்தனர். அது கடைப் பெயர்ப்பலகைகளுக்குப் பயன்படும் அக்ரிலிக் பொருள்தான். எலெக்ட்ரானின் ஓட்டம் மட்டுப்பட்டது. துளையும் உடன் வந்து சேர்ந்தது. உட்செலுத்திய ஒவ்வொரு நூறு எலெக்ட்ரானுக்கும் இருபதுக்கு மேற்பட்ட ஒளித்துகள்கள் வெளியே வந்தன. மிதமான ஒளியில் ஒரு இலட்சம் மணிநேரத்துக்கு மேல் உழைக்கும் எனவும் கணக்கிட்டனர். தடை போட்டு ஓட்டத்தைச் சீராக்கிய அந்த யோசனை, என் பார்வையில், இத்துறையின் மிக அழகான யோசனை.

இன்னொரு தடை எண்ணெய். புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க அவற்றின்மேல் ஒலியிக் அமிலத்தைப் போர்த்துகிறார்கள். விருதுநகர் மண்டிகளில் விற்கும் கடலை எண்ணெயில் பெரும்பங்கு வகிப்பதும் அவ்வமிலமே. பதினெட்டுக் கார்பன் நீளமுள்ள அச்சங்கிலி மின்சாரத்தைக் கடத்தாது. அதை முற்றும் கழுவிவிட்டால் மேற்பரப்பில் குறைகள் தோன்றி ஒளி அவியும். விட்டுவைத்தால் மின்னோட்டம் தடைபடும்.

வாணத்தில் போலவே இங்கும் நீலமே கடினம். துளை ஏற வேண்டிய படி அதற்குத்தான் அதிக உயரம். கொரியாவின் சாம்சங் ஆய்வாளர்கள் 2020-இல் நச்சுக் காட்மியத்தைத் தவிர்த்து, துத்தநாகம், டெல்லூரியம், செலினியம் கொண்டு நீலப் புள்ளிகளைச் செய்தனர். எண்ணெய்ப் போர்வைக்குப் பதிலாகக் குளோரைடைப் பூசினர்; துளைக்கு வழி எளிதாயிற்று. நூற்றுக்கு இருபது என்ற அளவை நீலமும் எட்டியது. ஆனால் 15,850 மணிநேரத்தில் அதன் ஒளி பாதியாகிவிடும். அதுவும் மங்கலான ஒளியில் இயக்கினால். தொலைக்காட்சிக்கு வேண்டிய பிரகாசத்தில் ஆயுள் இன்னும் வெகுவாகச் சுருங்கும்.

பெருநாள் தள்ளுபடியில் ‘கியூ.எல்.இ.டி.’ என்று அச்சிட்ட பெட்டியை வாங்க எண்ணுவோர் ஒன்றை அறிந்திருப்பது நல்லது. கடைகளில் அப்பெயரில் பரவலாக விற்கப்படுபவற்றில் மின்சாரம் புள்ளிகளுக்குள் செல்வதே இல்லை. பின்னால் எரியும் சாதாரண நீல எல்.இ.டி. விளக்குகளின் ஒளியை வாங்கி, நிறம் மாற்றித் தருவது மட்டுமே அங்கே புள்ளிகளின் வேலை. நிறம் துல்லியமாக இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் பின்விளக்கு எரிந்தால்தான் படம் தெரியும் என்பதில் பழைய எல்.இ.டி. பெட்டிக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.