அறுவை அரங்குக்கு வெளியே தீர்மானிக்கப்படும் உயிர்கள்

பிறக்கும் ஒவ்வோர் 1,000 குழந்தைகளில் எட்டு அல்லது ஒன்பது குழந்தைகளுக்கு இதயத்தில் ஏதேனும் ஒரு குறைபாடு இருக்கிறது. இந்தியாவில் மட்டும் ஆண்டுதோறும் 2 லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் இவ்வாறு பிறப்பதாக மதிப்பிடப்படுகிறது. அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினருக்கு முதல் பிறந்த நாளுக்கு முன்பே சிகிச்சை தேவைப்படும்.

'அறுவை சிகிச்சை செய்தால் குழந்தை பிழைத்துவிடுமா?' என்று கேட்கும் பெற்றோரின் மனக்கண்ணில் நிற்பது அறுவை மருத்துவரின் கைத்திறன்தான். அத்திறன் இன்றியமையாதது என்பதில் ஐயமில்லை. ஆனால், அந்தக் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி, குழந்தை அறுவை அரங்குக்குள் நுழையும் முன்பும், அங்கிருந்து வெளியே வந்த பின்பும் எழுதப்படுகிறது.

முதலாவது, காலம். இதயத்திலிருந்து புறப்படும் இரு பெருங்குழாய்களும் இடம் மாறி அமைந்த நிலையில் பிறக்கும் குழந்தைக்கு, அவற்றை உரிய இடத்தில் மாற்றிப் பொருத்தும் அறுவையைப் பொதுவாக முதல் சில வாரங்களுக்குள் செய்துவிட வேண்டும். தாமதித்தால், குறைந்த அழுத்தத்தில் இயங்கிப் பழகிய இடது கீழறை, உடல் முழுவதற்கும் ரத்தத்தை உந்தும் வலுவை இழந்துவிடும். கீழறைத் தடுப்புச் சுவரில் பெரிய துளை உள்ள குழந்தைக்கு நிலைமை வேறு. முதல் ஓராண்டுக்குள் துளையை அடைத்தால் பெரும்பாலும் இயல்பான வாழ்க்கை கிட்டும். ஆண்டுகள் பல கடந்தால் நுரையீரல் ரத்தக் குழாய்கள் மீளமுடியாத அளவு தடித்து, அறுவையே ஆபத்தாகிவிடும்.

இரண்டாவது, குழந்தையின் உடல்நிலை. இதயக் குறைபாடுள்ள குழந்தை பால் குடிக்கவே திணறும், எடை கூடாது, அடிக்கடி நிமோனியா வரும். 'எடை கூடட்டும், பிறகு பார்க்கலாம்' என்று காத்திருப்பதும் பல வேளைகளில் பயன் தருவதில்லை. எடை கூடாததற்குக் காரணமே அந்த இதயம்தான். குறைமாதப் பிறப்பு, குறைந்த எடை, ரத்தத்தில் கலந்த நோய்த்தொற்று ஆகியவற்றோடு வரும் குழந்தைக்கு, நுட்பமாகச் செய்யப்பட்ட அறுவையும் தோற்றுப்போகலாம். பிற ஊர் மருத்துவமனையிலிருந்து உடல்சூடும் ரத்தச் சர்க்கரையும் குறையாமல், உரிய மருந்துச் சொட்டுடன் குழந்தை கொண்டுவரப்பட்டதா என்பதும் அதன் உயிரைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது, அறுவைக்குப் பிந்தைய பராமரிப்பு. அறுவை அரங்கிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் குழந்தையை மாற்றும் சில நிமிடங்களில் குழாய்களும் கருவிகளும் தகவல்களும் கை மாறுகின்றன. அங்கே நேரும் சிறு பிழைகளைக் குறைக்க, லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனையினர் ஃபார்முலா 1 கார்ப் பந்தயக் குழுவினரிடம் பாடம் கேட்டனர். யார் எதைச் செய்வது, எந்த வரிசையில் செய்வது என்று வரையறுத்த பின் பிழைகள் குறைந்தன. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் முன்னெடுப்பில் வளரும் நாடுகளின் மருத்துவமனைகள் இணைந்து நடத்தும் தர மேம்பாட்டுத் திட்டமும் இதையே காட்டியது. கைகளைத் தூய்மையாக வைத்தல், பாதுகாப்பான நடைமுறைகள், செவிலியருக்குப் பயிற்சியும் பேசும் உரிமையும் அளித்தல் ஆகியவற்றால் நோய்த்தொற்றும் இறப்பும் குறைந்தன. இவற்றுக்குக் கோடிகளில் கருவிகள் வாங்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் புறக்கணிக்கப்பட்டால் என்ன நேரும் என்பதற்கு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரம் சாட்சி. அங்குள்ள ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில், வழக்கமான ஒரு மையத்தில் எதிர்பார்க்கப்படுவதைவிட 30 முதல் 35 வரையிலான ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 1991-க்கும் 1995-க்கும் இடையில் கூடுதலாக இறந்ததாக, 2001-இல் வெளியான இயன் கென்னடி விசாரணை அறிக்கை கூறியது. அறுவை மருத்துவர்களை மட்டும் அது குற்றம் சாட்டவில்லை. அறுவை ஓரிடத்திலும் குழந்தை இதய மருத்துவர்கள் வேறிடத்திலும் இருந்தது, குழந்தைப் பராமரிப்பில் பயிற்சி பெற்ற செவிலியர் பற்றாக்குறை, முடிவுகளைக் கண்காணிக்க எவரும் பொறுப்பேற்காதது ஆகியவற்றையும் சுட்டிக்காட்டியது. இறப்புகளைக் கணக்கெடுத்து எச்சரித்த மயக்கவியல் மருத்துவர் ஸ்டீபன் போல்சின், பின்னர் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தார்.

அதன் பிறகு நிகழ்ந்த மாற்றமே நமக்குப் பாடம். அதே பிரிஸ்டலில் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான திறந்த இதய அறுவையில் 29 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம், 1999 - 2002 காலத்தில் 3 சதவீதமாகக் குறைந்தது. உண்மையை மறைக்காமல் எண்ணிப் பார்த்ததும், எண்ணியதன்படி திருத்திக்கொண்டதும் அதில் பெரும் பங்கு வகித்தன.

நம் நாட்டில் பணத்தடையை உடைக்கும் முயற்சிகள் பாராட்டத்தக்கவை. தமிழக அரசின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஏழைக் குழந்தைகளுக்கும் இதய அறுவையை எட்டச் செய்தது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. ஆனால், பள்ளியில் கண்டறியப்படும் குழந்தை பிழைத்து வளர்ந்த குழந்தை. முதல் மாதத்திலேயே இறந்த குழந்தை எந்தப் பள்ளிப் பதிவேட்டிலும் இடம்பெறுவதில்லை. இந்த இடைவெளியை உணர்ந்த கேரளம், 2017-இல் 'ஹ்ருதயம்' திட்டத்தைத் தொடங்கி, பிறந்தவுடனேயே குழந்தைகளை இணையத்தில் பதிவுசெய்து, அவசரத்துக்கேற்ப அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கு அனுப்பிவருகிறது.

தமிழகம் செய்ய வேண்டியவை மூன்று. பிரசவம் நடக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், வீடு திரும்பும் முன் குழந்தையின் ரத்த ஆக்ஸிஜன் அளவை பல்ஸ் ஆக்ஸிமீட்டரால் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். எல்லாக் குறைபாடுகளையும் அது காட்டாது. ஆனால் உடனடி ஆபத்துள்ள பலவற்றைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து, குறைபாடு கண்டறியப்பட்ட பச்சிளம் குழந்தையை உரிய மையத்துக்குக் கொண்டுசேர்க்கப் பயிற்சி பெற்ற ஊர்தி வசதி தேவை.

மூன்றாவது, முடிவுகளின் வெளிப்படைத்தன்மை. எத்தனை அறுவைகள் செய்யப்பட்டன என்பதைப் பெருமையுடன் அறிவிக்கிறோம். எத்தனை குழந்தைகள் நலமுடன் வீடு திரும்பினர் என்பதையும் மருத்துவமனைவாரியாகச் சொல்ல வேண்டும். வெறும் இறப்பு எண்ணிக்கையை வெளியிட்டால், கடினமான நிலையிலுள்ள குழந்தைகளை ஏற்க மருத்துவமனைகள் தயங்கும். எனவே, குறைபாட்டின் சிக்கல், குழந்தையின் வயது, எடை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு சீர்செய்த விகிதத்தையே வெளியிட வேண்டும். அதற்கான அளவுகோல்கள் மருத்துவ உலகில் ஏற்கெனவே உள்ளன. காப்பீட்டுத் தொகையை வழங்கும் அரசுக்கு, அந்தத் தரவுகளைக் கேட்டுப் பெறும் உரிமையும் கடமையும் உண்டு.

அறுவைக்கான செலவை அரசு ஏற்பது முதல் படி. அந்தச் செலவு ஓர் உயிராக வீடு திரும்பியதா என்று கேட்பதே அடுத்த படி. கையெழுத்திட்டுக் குழந்தையை ஒப்படைக்கும் தாய்க்கு அந்த விடையைச் சொல்ல நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.