களனிவெளியை எட்டாத மின்சாரப் புகையிரதம்

களனி கங்கையின் கிளையாறுகளில் நீர்மின் உற்பத்தி செய்யலாம் என்பதைப் பொறியியலாளர் டி.ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே எடுத்துரைத்தார். 1950 இல் லக்ஷபான மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஆயினும், அதே கங்கையின் பெயரைத் தாங்கிய களனிவெளிப் பாதையில் இன்றுவரை மின்சாரப் புகையிரதம் ஓடவில்லை.

சென்னையில் கடற்கரை முதல் தாம்பரம் வரையிலான மீற்றர் பாதை 1931 இல் மின்மயமானது. அப்பாதையின் மின்தொடர் வண்டிகள் 2004 ஜூலை வரை சேவையாற்றி, அகலப்பாதை வண்டிகளுக்கு வழிவிட்டு ஓய்வு பெற்றன. ஏறத்தாழ எழுபத்து மூன்று ஆண்டுகள் புறநகர்த் தொழிலாளரையும் மாணவரையும் சுமந்த வரலாறு அது. ஒரு சேவை காலாவதியாகும்போது அதைவிடச் சிறந்த சேவை அவ்விடத்தை நிரப்ப வேண்டும் என்பதே அதன் பாடமாகும்.

சப்ரகமுவவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. தேயிலையையும் இறப்பரையும் கொழும்புக்குக் கொண்டுசெல்லவே இரண்டடி ஆறங்குல அகலமுள்ள குறும்பாதை அமைக்கப்பட்டது. அது 1912 இல் இரத்தினபுரியையும் 1919 இல் ஓப்பநாயக்கவையும் எட்டியது. எட்டியாந்தோட்டைக் கிளைப்பாதை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அகற்றப்பட்டது. அவிசாவளைக்கு அப்பாலான சேவை 1970களில் முடிவுக்கு வந்தது. 1990களில் பாதை அகலமாக்கப்பட்டபோதும் பணி அவிசாவளையோடு நின்றது. பழைய வளைவுகள் பெரும்பாலும் அப்படியே விடப்பட்டதால் டீசல் தொடர் வண்டிகள் இன்றும் மெதுவாகவே ஊர்கின்றன.

தோட்டத்தின் விளைபொருளுக்குப் பாதை தேவைப்பட்ட காலத்தில் தண்டவாளம் வந்தது. லொறிகள் அந்தச் சுமையை ஏற்றுக்கொண்டதும், தோட்டத்து மனிதருக்கும் அதே பாதை தேவை என்பது எவர் கணக்கிலும் சேரவில்லை. நகரத்து வைத்தியசாலைக்கும் உயர்கல்விக்கும் வேலைக்கும் செல்லும் தொழிலாளர் குடும்பங்கள் பேருந்தையே நம்பியுள்ளன. நாட்கூலியில் வாழ்வோருக்குப் பயணச்செலவு சிறிய சுமையன்று.

கொழும்புப் புறநகர்ப் புகையிரதத் திட்டத்தில் களனிவெளிப் பாதையை மின்மயமாக்கும் யோசனை மருதானையிலிருந்து பாதுக்க வரை வகுக்கப்பட்டது. நெரிசல் மிகுந்த பகுதிக்கு முன்னுரிமை அளிப்பதில் நியாயம் உண்டு. கடனில் தத்தளித்து மீளும் நாடு அனைத்தையும் ஒரே வேளையில் செய்யவும் இயலாது. ஆனால் முதற்கட்டமே இறுதிக்கட்டமாகி விடக்கூடாது. அவிசாவளை வரையிலான வளைவுகளைச் சீராக்குவதும், இரத்தினபுரிக்கான பாதை நிலத்தை இப்போதே ஒதுக்கிப் பாதுகாப்பதும் திட்டத்தின் பகுதிகளாக வேண்டும். நிலம் கைநழுவிய பின்னர் தண்டவாளத்தைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

மலையின் நீர் தலைநகருக்கு வெளிச்சம் தருகிறது. அந்த மலையடிவாரத்து மக்களுக்குப் பயண வசதி கேட்பது சலுகையன்று, உரிமையாகும்.