கான்ட்ரா, மரியோ ஆட ஐபோனில் ஏன் இத்தனை கெடுபிடி? ஸ்டோர் வாசலில் நிற்கும் பழைய கேம் ஆப்கள்!

கடலூர்,

டி.வி.யில் கேசட் சொருகி கான்ட்ராவும் மரியோவும் ஆடிய பசங்க எல்லாம் இப்போது 35, 40 வயதை தொட்டு விட்டார்கள். "9999 இன் 1" என்று லேபிள் ஒட்டிய கேசட்டை வாங்கி வந்து போட்டால் அதே பத்து, பதினைந்து கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அது தெரிந்தும் சண்டை போட்டு ஆடிய தலைமுறை இது. கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூரில் இருந்து சிதம்பரம் அண்ணாமலை நகர் வரை இவர்கள் கையில் இன்று ஸ்மார்ட்போன் இருக்கிறது. அந்த பழைய கேமை தன் பிள்ளைக்கு காட்டலாம் என்று தேடினால்தான் சிக்கல். ஆண்ட்ராய்டு வைத்திருப்பவர் எளிதாக ஆடி விடுகிறார். ஐபோன் வைத்திருப்பவருக்கு பல வருடங்கள் அது கிடைக்கவே இல்லை. இன்றும் சில வகை கிடைப்பது இல்லை.

இதற்கு காரணம் என்ன? இது பற்றிய விவரம் வருமாறு:-

எமுலேட்டர் என்றால்?

பழைய கேம் பெட்டி செய்த வேலையை போனுக்குள் அப்படியே செய்து காட்டும் ஆப்புக்கு எமுலேட்டர் என்று பெயர். ஆப்தான் பெட்டி. கேம் என்பது கேசட். பெட்டி வேறு, கேசட் வேறு. இந்த வித்தியாசம் புரியாததால்தான் "எமுலேட்டர் என்றாலே திருட்டு" என்ற பேச்சு வருகிறது.

ஆப்பிள் நிறுவனம் 2008-ல் ஆப் ஸ்டோரை திறந்தது. பரிசோதனைக்கு வந்த ஆப்பில் என்ன இருந்ததோ அது மட்டும்தான் போனில் ஓட வேண்டும், வெளியில் இருந்து புரோகிராம் எடுத்து வந்து ஓட்டக்கூடாது என்பது அதன் விதி. எமுலேட்டரின் தொழிலே வெளியில் இருந்து வரும் புரோகிராமை ஓட்டுவதுதான். அங்கேயே முட்டிக் கொண்டது.

2009-ல் நடந்த கூத்து ஒன்று உண்டு. 1980-களில் சக்கைபோடு போட்ட கமோடோர் 64 கம்ப்யூட்டரின் எமுலேட்டர் ஜூன் மாதம் நிராகரிக்கப்பட்டது. செப்டம்பரில் அனுமதி கிடைத்தது. ஆனால் உள்ளே பேசிக் மொழியில் புரோகிராம் எழுத ஒரு வழி ஒளிந்திருப்பது தெரிந்ததும் உடனே தூக்கி விட்டார்கள். பிறகு பேசிக்கை பிடுங்கி விட்டுத்தான் உள்ளே விட்டார்கள். "பத்து பிரிண்ட் ஹலோ" என்று எழுதினால் யாருக்கு என்ன ஆபத்து என்று இன்றுவரை தெரியவில்லை.

2021-ல் ஐடாஸ் 2 என்ற ஆப்புக்கும் இதே கதி. பழைய டாஸ் கம்ப்யூட்டர் கேம்களை ஓட்டும் ஆப் இது. கம்ப்யூட்டர் சென்டரில் சார் வெளியே போன நேரம் பார்த்து "டேவ்", "பிரின்ஸ்" ஆடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

மனம் மாறிய ஆப்பிள்

2024 ஏப்ரல் 5-ந்தேதி ஆப்பிள் திடீரென விதியை தளர்த்தியது. பழைய கேம் பெட்டிகளின் எமுலேட்டர்களுக்கு உலகம் முழுவதும் அனுமதி என்று அறிவித்தது. ஐரோப்பிய யூனியனின் புதிய சட்டத்தால் அங்கே வேறு ஆப் கடைகளுக்கும் அதற்கு முந்தைய மாதமே வழி விட வேண்டி வந்தது. கூட்டம் பக்கத்து கடைக்கு போய் விடக்கூடாதே என்ற கணக்குதான் இது என்று எண்ணத் தோன்றுகிறது.

முதலில் வந்தது என்ன தெரியுமா? அடுத்தவர் எழுதிய பழைய எமுலேட்டரை காப்பி அடித்து விளம்பரம் திணித்த "ஐஜிபிஏ" என்ற ஆப். அதை ஆப்பிள் நீக்கியது. இத்தனை பரிசோதனை செய்யும் கடையில் நகல் சரக்கு முதலில் நுழைந்ததுதான் வேடிக்கை. அடுத்து வந்த "பிம்மி" ஆப்பை எழுதியவரே பயந்து போய் எடுத்து விட்டார். ஏப்ரல் 17-ல் "டெல்டா" வந்தது. இந்தியாவிலும் ஆப் ஸ்டோரிலேயே கிடைத்தது. மே மாதம் ரெட்ரோஆர்ச், பிபிஎஸ்எஸ்பிபி ஆகியவை வந்தன.

கம்ப்யூட்டர் எமுலேட்டருக்கு மட்டும் முதலில் கதவு திறக்கவில்லை. "பிசி என்பது கேம் பெட்டி இல்லையே" என்று யுடிஎம் எஸ்இ ஆப்பை திருப்பி அனுப்பினார்கள். கிளம்பிய எதிர்ப்பில் ஜூலையில் அதற்கும், ஆகஸ்டில் ஐடாஸுக்கும் வழி பிறந்தது. விதியிலும் பிசி என்ற வார்த்தை சேர்ந்தது.

இன்னும் வெளியே நிற்பது ஏன்?

கேம்கியூப், வீ போன்ற பெரிய பெட்டிகளை ஓட்டும் "டால்பின்" இன்னும் ஐபோன் ஸ்டோருக்கு வரவில்லை. "ஜிட்" என்ற வேலைமுறைக்கு அனுமதி இல்லாததே காரணம். சிதம்பரம் கோவிலுக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்கு கைடு ஒவ்வொரு வரியாக, சொன்னதையே மறுபடி மறுபடி மொழிபெயர்த்தால் எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு முறை எழுதி வைத்துக் கொண்டு படித்தால் சட்டென்று முடியும். அப்படி எழுதி வைத்துக் கொள்வதுதான் ஜிட். போனுக்குள்ளேயே புதிதாக புரோகிராம் உருவாகும் என்பதால், பரிசோதித்தவர் கண்ணில் அது பட்டிருக்காது. வைரஸ் இந்த வழியாக வரலாம் என்பது ஆப்பிள் தரப்பு வாதம். அதை ஒதுக்கி விட முடியாது. ஆனால் தன் சபாரி பிரவுசருக்கு இதே வசதியை ஆப்பிள் வைத்திருக்கிறது என்பது குறிப்பிடத்தக்கது.

லைசென்ஸ் தகராறு தனி. யார் வேண்டுமானாலும் திருத்தலாம், பகிரலாம் என்ற ஜி.பி.எல். உரிமத்தில் பல எமுலேட்டர்கள் எழுதப்பட்டவை. ஆப் ஸ்டோர் ஒப்பந்தமோ பகிர்வதை கட்டுப்படுத்துகிறது. வி.எல்.சி. வீடியோ பிளேயரே இதனால் 2011 ஜனவரியில் ஸ்டோரில் இருந்து போய், பிறகு உரிமத்தை மாற்றிக் கொண்டுதான் திரும்பியது.

கேசட் யாருடையது?

ஆப் கிடைத்தாலும் கேம் உள்ளே இருக்காது. கேமுக்கு உரிமையாளர் உண்டு. இந்திய காப்புரிமை சட்டப்படி கம்ப்யூட்டர் புரோகிராம் இலக்கிய படைப்பு போல. எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை உரிமை ஓடும். 1985-ல் வந்த மரியோவுக்கு இன்னும் ரொம்ப காலம் இருக்கிறது. முறையாக வாங்கியவர், அது கெட்டுப்போனால் உதவும் என்று ஒரு பேக்கப் நகல் எடுக்க 52-வது பிரிவு இடம் தருகிறது. நெட்டில் அள்ளுவதற்கு அல்ல.

"முஸ்தபா" என்று நம்மூர் பசங்க பெயர் வைத்த கேம் 1993-ல் கேப்காம் வெளியிட்ட கேடிலாக்ஸ் அண்டு டைனோசர்ஸ். காமிக்ஸ் உரிமை ஒருவரிடம், கார் பெயர் உரிமை இன்னொருவரிடம் என்று பிரிந்து கிடக்கிறது. கேப்காமின் பழைய கேம் தொகுப்புகளிலும் அது இடம்பெறவில்லை. காசு கொடுத்து வாங்க ஆள் இருந்தும் விற்க ஆள் இல்லை.

உஷார்!

ஸ்டோரில் இல்லாததை கம்ப்யூட்டர் மூலம் ஐபோனில் ஏற்றலாம். ஆனால் இலவச கணக்கில் 7 நாளில் ஆப் படுத்து விடும். மறுபடி ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டில் ஏ.பி.கே. பைலாக போடலாம். கேம் ஆப் ஒன்று எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்டால் உடனே நீக்கி விடுவது நல்லது. ஓ.டி.பி. போனால் பேங்க் பணமும் போய்விடும்.

அந்த ஏ.பி.கே. வழியும் குறுகப் போகிறது. யார் எழுதிய ஆப் என்று அடையாளம் சரிபார்க்காமல் போனில் போட முடியாதபடி செய்யப்போவதாக கூகுள் 2025 ஆகஸ்டில் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகள் என்பது திட்டம். எதிர்ப்பு வரவே, விவரம் தெரிந்தவர்களுக்கு தனி வழி வைப்பதாக நவம்பரில் சொன்னது. பெயர் போடாமல் பொழுதுபோக்காக எமுலேட்டர் எழுதுகிறவர்களுக்கு அந்த வழி எவ்வளவு அகலமாக இருக்கும் என்பதில்தான் இப்போது எல்லோர் கண்ணும் இருக்கிறது.